அந்நியருக்குப் பஞ்சம் வராமல் காத்தவர்கள்

தமிழ்க் கிறிஸ்தவர்களைக் குறை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 1992-ல் தலித் எழுத்தாளர் பாமாவின் 'கருக்கு' வந்த நாளிலிருந்தே இந்தத் தொல்லை. பரதேசியை வீட்டுக்குள் அழை, பசித்தவனுக்குச் சோறு போடு, சிறையில் கிடப்பவனைப் போய்ப் பார் என்று வேதம் சொல்கிறதாம். இவர்களோ கூட இருந்து பூசை காண்பவனையே வாசலோடு நிறுத்திவிடுகிறார்களாம். விஷயம் புரியாமல் பேசுகிறார்கள். இந்தச் சபையில் பிறந்து, இதன் உப்பைத் தின்று வளர்ந்தவன் என்ற முறையில் நம்மவர் பெருமையை எடுத்துச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

அந்நியருக்கு அன்பு காட்ட முதலில் வேண்டியது என்ன? ஓர் அந்நியர். மற்ற நாட்டுச் சபைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அகதி வர வேண்டும், போர் மூள வேண்டும், கப்பல் கவிழ வேண்டும். அதுவரை அந்தச் சபையார் அன்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இயேசுவுக்கே கதை சொல்ல ஓர் அந்நியன் தேவைப்பட்டபோது, யூதேயாவில் ஆள் அகப்படாமல் சமாரியாவிலிருந்து ஒருவனை வரவழைக்க வேண்டியிருந்தது. நம்மவருக்கு அந்தச் சிரமமே இல்லை. ஒரே ஊரில், ஒரே பங்கில், ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்று, ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கும் ஒருவரை, தலைமுறை தலைமுறையாக அந்நியராகவே பாதுகாத்து வைத்திருக்கிறோம். கெட்டுப்போகாமல், கலந்துபோகாமல், நானூறு ஆண்டு. அன்பு காட்டத் தோன்றும் நாளில் தெருவைத் தாண்டினால் போதும், ஆள் தயார்.

அந்தச் சமாரியன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் இறக்கம். வழியில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். குருவானவர் விலகிப் போகிறார், ஆலயப் பணி செய்யும் லேவியர் விலகிப் போகிறார். யூதர் தீண்டத்தகாதவனாக நினைத்த சமாரியன்தான் நிற்கிறான். காயத்தில் எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்துக் கட்டி, தன் கழுதையில் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கு இரண்டு வெள்ளிக்காசும் கொடுத்துவிட்டுப் போகிறான். கேட்டவர்களுக்கு உறுத்தியது அவன் இரக்கம் அல்ல, அவன் கை. யாருடைய கை பட்டால் தீட்டு என்று வளர்க்கப்பட்டார்களோ, அந்தக் கையால்தான் பிழைத்தாக வேண்டும் என்பது அவர்களுக்குச் செரிக்கவில்லை.

இந்த உறுத்தலை நம்மவர் எவ்வளவு நாசூக்காகச் சரிசெய்துவிட்டார்கள்! ஞாயிறு மறைக்கல்வி நாடகங்களைப் பாருங்கள். சமாரியன் வேடம் யாருக்கு? பங்குப் பேரவைத் தலைவர் வீட்டுப் பையனுக்கு. தலைப்பாகை, ஜரிகைத் துண்டு, அட்டைக் கழுதை எல்லாம் அவனுக்கே. குற்றுயிராகக் கிடக்கும் வேடத்துக்குக் காலனியிலிருந்து ஒரு பையன் கிடைத்துவிடுவான். அவனுக்கு வசனம் கிடையாது, மனப்பாடம் செய்யும் பாரமும் இல்லை. பிரசங்கமும் அதே வழிதான்: நாமெல்லாரும் நல்ல சமாரியராக வேண்டும் என்று சாமியார் சொல்வார், சபை தலையாட்டும். சாலையில் கிடப்பவன் நாமாக இருக்கலாம், தூக்கிவிட வருபவர் காலனிக்காரராக இருக்கலாம், அவர் தம்ளரில் தண்ணீர் குடித்தால்தான் உயிர் தங்கும் என்ற அபத்தமான கற்பனைக்கு இத்தனை ஆண்டில் ஒரு பிரசங்கத்திலும் இடம் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. நம்மைத் தொட்டுத் தூக்கும் சிரமத்தைக்கூட அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான், வேறென்ன?

இந்த நல்லெண்ணம் நேற்று முளைத்ததல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, காவி உடுத்தி, பிராமணச் சமையல்காரரை வைத்து மரக்கறி உண்டு, மேல்சாதியாரிடம் மட்டும் பழகினார். குடுமி, பூணூல், சந்தனம் எல்லாம் இருக்கலாம் என்று 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதியும் கொடுத்தார். மற்ற சாதியார் மனம் நோகுமே என்று 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்று வேறொரு வகைக் குருக்களையும் ஏற்பாடு செய்தார்கள். மேலே இருப்பவருக்கு ஒரு சாமியார், கீழே இருப்பவருக்கு இன்னொரு சாமியார். ஒரே ஆண்டவர் இரண்டு பந்தியில் பரிமாறப்பட்டார். யாரும் பசியோடு திரும்பவில்லை. யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை.

கத்தோலிக்கருக்கு மட்டும் இந்தப் பாக்கியம் என்று புராட்டஸ்டண்டுகள் பொறாமைப்பட வேண்டியதில்லை. தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக்கொரு பக்கம் உட்காரும் வழக்கம் செவ்வனே நடந்துவந்தது. கல்கத்தாவிலிருந்து பிஷப் டேனியல் வில்சன், நாட்டு நடப்புத் தெரியாமல், 1833-ல் ஒரு சுற்றறிக்கை விட்டார்: சபைக்குள் சாதியை உடனே, ஒரேயடியாக விட்டுவிட வேண்டுமாம். தஞ்சாவூரில் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது சுலபம் என்று கண்டு கிளம்பிவிட்டார்கள். நம்பிக்கைக்காக உயிரை விட்டவர்களை மறைசாட்சிகள் என்கிறோம். நம்பிக்கையையே விடத் தயாரானவர்களுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரும் அந்தக் கட்சிக்காகத்தான் எழுதினார். பாட்டுக்குள் குறத்தியை அரங்கின் நடுவில் ஆடவைத்துச் சீயோன் மகளுக்குக் குறி சொல்ல வைத்த தாராள மனம் அவருக்கு இருந்தது. அவள் கோயிலுக்குள் வந்து பக்கத்தில் உட்கார்வது என்பது வேறு சங்கதி, அது இலக்கியத்தில் சேராது.

ஆனால் கலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் வடக்கன்குளம் போக வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் இருக்கும் அந்த ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழும்பிய கோயிலின் வரைபடத்தைக் கட்டடக்கலை மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம். ஒரு பீடம், அதிலிருந்து பிரிந்து போகும் இரண்டு மண்டபங்கள், இடையே தடுப்பு. வேளாளர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் ஒரு மண்டபத்தில், நாடார்களும் மற்றவர்களும் இன்னொன்றில். இரு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கால்சட்டைக் கோயில் என்று யாரோ குறும்புக்காரர் பெயர் வைத்தார். எனக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. ஆண்டவரைப் பார், பக்கத்தில் இருப்பவனைப் பார்க்காதே என்ற தத்துவத்தைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? கடவுளை நேசி, அயலானை நேசி என்ற இரண்டு கட்டளைகளில் முதலாவதைக் கண்ணுக்கு எதிரே வைத்து, இரண்டாவதைச் சுவருக்கு அந்தப் பக்கம் பத்திரப்படுத்திய கோயில் அது. அந்த இரண்டு மண்டபத்திலும் சேராதவர்கள் எங்கே நின்றார்கள் என்று கேட்பவருக்கு அழகுணர்ச்சி போதாது.

1910-ல் கௌசானல் என்ற பிரெஞ்சு சேசு சபைச் சாமியார் அந்தத் தடுப்பை இடித்துவிட்டார். வெளிநாட்டுக்காரர், பாவம், வேதத்தில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. நம்மவர் சும்மா விடவில்லை. சுவர் எங்கள் உரிமை என்று நீதிமன்றம் போனார்கள். திருநெல்வேலியில் வழக்கு, பிறகு சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும். தனக்கு ரொட்டி வேண்டும், வீடு வேண்டும், வேலை வேண்டும் என்று வழக்குப் போடுபவர் உலகெங்கும் உண்டு. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் ஜெபிக்க ஒரு சுவர் வேண்டும் என்று கையிலிருந்து காசு செலவழித்து வெள்ளைக்காரன் நீதிமன்றத்தில் நின்ற பக்தியை வேறெங்கே காண்பது? தோற்றுப்போனார்கள் என்பது ஒரு பொருட்டல்ல. கல்லில் இருந்த சுவர் மனதுக்கு வந்துவிட்டதால் பராமரிப்புச் செலவு குறைந்தது.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745-ல் நீலகண்டப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். திருவிதாங்கூர் அரண்மனை வேலையில் இருந்த அவர், எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து பழகினார் என்பதும் அவர்மேல் இருந்த கோபங்களில் ஒன்று. 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் அந்த இரட்டை மண்டபம் எழும்பியது என்றால், நம்மவர் ஒரு புனிதரை எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். அதற்கு முன்பே வத்திக்கான் அவர் பெயரிலிருந்து 'பிள்ளை'யை எடுத்துவிட்டது. இந்த அவமரியாதையைச் சகிக்காத சிலர், தங்கள் சுவரொட்டியிலும் பேச்சிலும் அந்தப் பட்டத்தை அன்போடு திருப்பி ஒட்டிக்கொடுக்கிறார்கள். பரலோகத்தில் அவரை யார் என்று தெரியாமல் வரிசையில் பின்னால் நிறுத்திவிட்டால்?

பரலோகம் என்றதும் கல்லறைத் தோட்டம் நினைவுக்கு வருகிறது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைக் குறுக்கே பிரிக்கும் ஒரு சுவரைப் பற்றி ரொம்ப நாளாகவே செய்தித்தாள்களில் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஒரு பக்கம் தலித்துகள், மறுபக்கம் மற்றவர்கள். செத்த பிறகுமா என்று கேட்கிறார்கள். செத்த பிறகுதான் முக்கியம் என்பது இவர்களுக்குத் தெரியவில்லை. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் மனுமகன் மகிமையோடு வந்து, மேய்ப்பன் ஆட்டை வெள்ளாட்டிலிருந்து பிரிப்பது போல ஜனங்களை வலதும் இடதுமாகப் பிரிப்பார் என்று இருக்கிறது. உலகம் தோன்றிய நாள் முதல் செத்தவர்கள் எல்லாரும் எழுந்து நிற்கும்போது எவ்வளவு நெரிசலாக இருக்கும்! நம்மவர் ஆண்டவருக்கு ஒத்தாசையாக இப்போதே பிரித்து வைத்துவிட்டார்கள். அவர் பிரிக்க நினைத்தது பசித்தவனுக்குச் சோறு போட்டவனையும் போடாதவனையும் என்பது உண்மைதான். ஆனால் இத்தனை பேருடைய சமையலறைக் கணக்கை யார் பார்ப்பது? தெருக் கணக்குப் போதும்.

டோனாவூரில் ஒரு அயர்லாந்துப் பெண், எமி கார்மைக்கேல், அரை நூற்றாண்டு குழந்தைகளை வளர்த்துவிட்டு 1951-ல் இறந்தார். தன் கல்லறையில் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் நிற்கிறது. நம் ஊரில் அத்தனை ஆண்டு இருந்தும் கல்லறைக்கலை அவருக்குப் பிடிபடவில்லை.

சப்பரத்துக்கு வருவோம். திருவிழா இரவில் அந்தோனியாரோ மாதாவோ மின்விளக்குச் சப்பரத்தில் ஊர் சுற்றிவருவார்கள். பல ஊர்களில் சப்பரம் காலனிக்குள் போவதில்லை. தெரு குறுகல், மின்கம்பி தாழ்வு, நேரமாகிவிட்டது, மழை வரும்போல இருக்கிறது என்று காரணங்கள் உண்டு. நான் அறிந்தவரை, அந்தத் தெருவை அகலப்படுத்திக் கம்பியை உயர்த்திய ஊர்களில் மழை அதிகமாகிவிட்டது. ஆனாலும் காலனியாரிடம் வரி வாங்காமல் விடுவதில்லை. புனிதர் வராத தெருவுக்கும் திருவிழாவில் பங்கு உண்டு என்ற சமத்துவம் அது.

காலனியார்மேல் நமக்குள்ள பிரியம் எவ்வளவு என்பதை 2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் பார்த்தோம். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் சவத்தைப் பொதுத்தெரு வழியாகக் கோயிலுக்குக் கொண்டுபோக முடியவில்லை. சரி, உங்கள் கோயில் உங்களுக்கே இருக்கட்டும், எங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக ஆக்கிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். கூட வைத்துக்கொள்ளவும் மனம் இல்லை, பிரிந்து போக விடவும் மனம் இல்லை. வன்னியக் கிறிஸ்தவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியர் பக்கத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த இரண்டு சாவையும் நான் எந்தச் சிரிப்பிலும் சேர்க்க மாட்டேன். ஒரே நற்கருணையை விழுங்கிய இரு தெருக்களுக்கு நடுவே துப்பாக்கியோடு போலீஸ் நிற்க வேண்டிவந்தது என்பதை மட்டும், நம் மறைக்கல்வியின் வெற்றிக் கணக்கில் எழுதி வைக்கிறேன்.

இதற்கெல்லாம் ஈடாக நாம் செய்யும் தர்மத்தை யாரும் மறைக்க முடியாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழுநோய் இல்லம், காதுகேளாதோர் பள்ளி என்று தென்தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. அதை இல்லை என்பவன் நன்றிகெட்டவன். அந்த வரிசையில் முன்னால் நின்றவர்கள் பலரும் கப்பலில் வந்தவர்கள் என்பதை நினைவூட்டுவது அடக்கமின்மையாகத் தெரியும், விட்டுவிடுகிறேன். நம்முடைய தனித்திறமை வேறு. தூரம் கூடக் கூட நம் இரக்கம் பெருகும். தவக்கால உண்டியல் காசு, எங்கோ கடலுக்கு அப்பால் பூகம்பத்தில் வீடிழந்தவனுக்குத் தாராளமாகப் போகும். அவன் பெயர் தெரியாது, அவன் பெண் கேட்டு வரப்போவதில்லை, அவன் பிணம் நம் தெரு வழியே போகாது. அன்பு காட்ட இதைவிட வசதியான அயலான் கிடைப்பானா?

பக்கத்தில் இருப்பவனுக்குக் கிறிஸ்துமஸ் உண்டு. டிசம்பரில் காலனியில் சேலை, வேட்டி, ஒரு பொட்டலம் கேக். வலது கை செய்வதை இடது கைக்குத் தெரியாமல் செய் என்று மலைப்பிரசங்கத்தில் இருப்பதை நம்மவர் ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். இடது கைக்குத்தானே சொல்லக் கூடாது, தினசரியின் நிருபருக்குச் சொல்லக் கூடாது என்று எங்கே இருக்கிறது? வலது கை சேலையைக் கொடுக்கும், வாங்குபவர் கை அதைப் பிடித்திருக்கும், படம் எடுத்து முடியும்வரை இருவரும் அப்படியே நிற்பார்கள். ஓராண்டில் அந்த இரண்டு கைகளும் அவ்வளவு நெருங்கி வருவது அந்த அரை நிமிடம்தான்.

விருந்து வைக்கும்போது உறவினரையும் பணக்கார அயலாரையும் அழைக்காதே, ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழை என்ற போதனை லூக்கா 14-ல் இருக்கிறது. நம் கல்யாண வரவேற்புகளில் இது நடக்காததற்குக் காரணம் மண்டப வாடகை. ஆனால் கல்யாணத்துக்கு முந்திய கட்டத்தில் நம்மவர் சாதித்ததைச் சொல்லியே ஆக வேண்டும். நிக்கொதேமு என்ற பெரியவரிடம், மனிதன் மறுபடி பிறக்க வேண்டும் என்று இயேசு சொன்னார். எந்தச் சாதியில் என்று சொல்லாமல் விட்டுவிட்டார். அந்தக் குறையை நம் மணமக்கள் தேவை விளம்பரங்கள் நிவர்த்தி செய்துவிட்டன. இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, சி.எஸ்.ஐ. நாடார் மணமகனுக்கு, அதே. மறுபிறப்பு அடைந்த ஆர்.சி. வன்னிய மணமகளுக்கு, அதே. ஆவியினால் புதிதாகப் பிறந்தும், பழைய தெருவிலேயே, பழைய வீட்டிலேயே, பழைய உட்பிரிவிலேயே பிறந்திருக்கிறார்கள். பரிசுத்த ஆவிக்கே வழி தவறாத அளவு நாம் முகவரியை ஒழுங்காக வைத்திருக்கிறோம்.

இவ்வளவு செய்தும், நம்மை உளமார நம்பிய ஒரே ஆத்மா இந்திய அரசுதான். 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாதே, அப்புறம் எதற்குச் சலுகை என்பது வாதம். எவ்வளவு பெரிய பாராட்டு! நம் பிரசங்கத்தை நாமே நம்பாதபோது டெல்லியில் யாரோ நம்பியிருக்கிறார்கள். ஆணையை மாற்றச் சொல்லும் கோரிக்கை முழுக்க நியாயம். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் ஒருவனுக்குத் தீண்டாமை போய்விடவில்லை என்பதற்கு நம்மைவிட நல்ல சாட்சி யார்? ஆகவே ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். எங்களுக்குள் சாதி இருக்கிறது, தயவுசெய்து நம்புங்கள் என்று டெல்லியில் மன்றாடுகிறோம். நமக்குள் சாதியே இல்லை, யாரோ வெளியாள் தூண்டிவிடுகிறான் என்று ஊர்க்கூட்டத்தில் சத்தியம் செய்கிறோம். இரண்டு இடத்திலும் குரல் நடுங்குவதில்லை.

டெல்லி ஆர்ப்பாட்டத்துக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில்தான் பலரும் போவது. ஒன்றரை நாள் பயணம். ரயில்வேக்காரர்கள் தெருக் கணக்குத் தெரியாதவர்கள் ஆனதால், மேல்தெருப் பேரவைத் தலைவருக்குக் கீழ்ப்படுக்கையும் காலனி உபதேசியாருக்கு அதற்கு நேர்மேல் படுக்கையும் கொடுத்துவிடுகிறார்கள். தலைவர் பொறுத்துக்கொள்கிறார். நாக்பூர் தாண்டும்போது உபதேசியார் வீட்டுப் புளிச்சோறு பொட்டலம் பிரிகிறது. தலைவர் ஒரு கை வாங்கிச் சாப்பிட்டு, நன்றாயிருக்கிறது என்றும் சொல்கிறார். இரவில் மேலிருந்து தொங்கும் கால் தலைவர் தலைக்கு நேரே இருக்கிறது, அதையும் பொறுத்துக்கொள்கிறார். சமூக நீதிக்காக எந்தத் தியாகத்துக்கும் தயார் என்று அவர் மேடையில் சொல்வது சும்மா இல்லை. திரும்பும்போது சென்ட்ரலில் இறங்கி, ஊர்ப் பேருந்து பிடித்து, கோயில் முக்கில் வந்து நிற்பார்கள். அங்கிருந்து தெரு இரண்டாகப் பிரிகிறது. ஆர்ப்பாட்டத்தில் பிடித்த பதாகையைக் காலனிக்குக் கொடுத்தனுப்பிவிடுவார் தலைவர். அடுத்த ஆண்டுக்குத் தேவைப்படும், அதுவரை அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று.